விஜிலா கேட்டு வாங்கிய கடைசி அத்தியாயம்

டூவிபுரத்தில் குடியிருக்கும் துப்பறியும் நாவலாசிரியர் சிவப்பிரகாஷ் தன் நாவலின் கடைசி அத்தியாயத்தில் யாரைக் குற்றவாளி என்று எழுதுகிறாரோ, அந்த ஆள் புத்தகம் கடைக்கு வந்த அன்றே காவல் நிலையத்துக்கு நடந்துபோய்ச் சரணடைந்துவிடுவார். மாதம் ஐந்தாம் தேதி காலையில் பழைய பேருந்து நிலையத்து நயினார் கடையில் புத்தகக் கட்டைப் பிரிப்பார்கள். பொழுது சாய்வதற்குள் ஆள் வந்து நிற்கும். ஏழு வருடமாக இப்படித்தான் நடக்கிறது. முதலில் மாட்டியவர் ஓய்வுபெற்ற சர்வேயர் சுடலைக்கண்ணு. உப்பு அம்பாரத்தின் அடியில் மேஸ்திரி ஒருவர் மண்டை உடைந்து கிடந்த வழக்கு மூன்று வருடமாகத் துப்புத் துலங்காமல் கிடந்தது. சிவப்பிரகாஷ் அதை எடுத்து, மழையை மட்டும் சேர்த்துக்கொண்டு, நாவலாக எழுதினார். கோயில், வீடு, வீட்டை விட்டால் கோயில் என்று இருந்த சர்வேயர்தான் கொலையாளி என்று முடித்தார். ஐந்தாம் தேதி மத்தியானம் சுடலைக்கண்ணு சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, செய்தித்தாளைக் கக்கத்தில் இடுக்கியபடி நிலையத்துக்குப் போய், இரும்புக் கம்பி தன் பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது என்றார். இருந்தது. அதுவரை உப்பளத்தின் பக்கமே போகாத மனுஷன், அன்றைக்கு ஒவ்வொரு பாத்தியின் வரப்பையும் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். ஐந்தாம் தேதிக்கு முன்னால் அவர் செய்யவில்லை என்பதற்கு ஊரே சாட்சி. ஐந்தாம் தேதிக்குப் பிறகு அவர் செய்தார் என்பதற்கு அவரே சாட்சி. நீதிமன்றத்துக்கு இரண்டாவது சாட்சி வசதியாக இருந்தது.

ஊரார் நாவலாசிரியரைத் திட்டவில்லையா என்றால், திட்டினார்கள். ஆனால் வாங்கிப் படித்துவிட்டுத்தான் திட்டினார்கள். நியாயமும் அதில் இருந்தது. இந்த ஊரில் ஒரு வாய்க்கால் தகராறு தாத்தா காலத்தில் ஆரம்பித்துப் பேரன் காலத்திலும் வாய்தாவில் நிற்கும். காணாமல் போன லாரி காணாமல் போனதுதான். சிவப்பிரகாஷ் கையில் கொடுத்தால் தொண்ணூற்றாறு பக்கம், கதை முடிந்தது. எந்த முடிச்சையும் அவர் அடுத்த மாதத்துக்கு இழுத்ததில்லை. ஆஸ்பத்திரி நர்சுகள் பணி மாறும்போது புத்தகத்தையும் கை மாற்றிக்கொண்டார்கள். மாலத்தீவுக்கு வெங்காயம் ஏற்றிப்போகும் தோணிக்காரர்கள் அரிசி மூட்டையோடு பத்துப் பிரதி கட்டிக்கொண்டு போனார்கள். தெரியாமல் இருப்பதைவிடக் கெட்டது தெரிந்துவிடுவது மேல் என்று நினைக்கிறவர்களுக்கு அவரைவிட்டால் ஆள் இல்லை.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். கடலிலிருந்து அரை மைலில் வீடு இருந்தும் ஒரு நாவலில்கூட அவர் கடலை எட்டிப் பார்த்ததில்லை. பெருவெள்ளம் வந்த ஒரு வருடம் தவிர மழைக்கு ஏங்கிக் கிடக்கிற ஊரில், அவருடைய கொலைகள் எல்லாம் கொட்டுகிற மழையில் நடந்தன. பெண்களுக்கெல்லாம் ஒரே கண், ஒரே இடுப்பு. செத்தவனுக்குத் தாய் கிடையாது, பிடித்த குழம்பு கிடையாது. மூன்றாம் பக்கத்தில் செத்தால் நான்காம் பக்கத்தில் அவன் வெறும் தடயம். மனைவி இருந்தால் அவளுக்கென்று ஒரு வரி வைத்திருந்தார்: கதறி அழுதாள். அவ்வளவுதான், அடுத்த வரியில் இன்ஸ்பெக்டர் எலுமிச்சைத் தேநீர் கேட்பார். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வேறு. அவருக்கு விபத்து எழுத வராது. எண்பத்தேழு நாவல்களில் ஒருத்தரும் வழுக்கி விழுந்து சாகவில்லை, நெஞ்சு வலித்துச் சாகவில்லை. யாராவது ஒருவர் செய்தாக வேண்டும். அவர் யாருமே சந்தேகப்படாதவராக இருக்க வேண்டும். இதனால் ஊரில் ரொம்ப நல்லவராக இருக்கவே பயந்தார்கள். தர்மகர்த்தா ஒருவர் வாரம் ஒருமுறை நாலு பேர் பார்க்க மதுக்கடை வாசலில் நின்றுவிட்டு வந்தார். மாதர் சங்கத் தலைவி சந்தையில் ஒரு தேங்காயைத் திருடி, மாட்டிக்கொண்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

திரேஸ்புரத்து விஜிலா பத்தாம் வகுப்பிலிருந்தே சிவப்பிரகாஷைப் படிக்கிறவள். எண்பத்தேழில் எண்பத்துமூன்று அவளிடம் இருந்தன. அவள் புருஷன் ரெக்சன் சங்கு குளிக்கிறவன். வள்ளத்தில் கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து காற்று போகும் ட்யூபின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு அவன் பத்துப் பாகம், அதாவது அறுபது அடி, ஆழத்துக்குப் போவான். அந்த ட்யூபை மேலே ஒருவன் கையில் பிடித்தபடி இருக்க வேண்டும். அவன் இறங்குகிறவனுடைய பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனாகத்தான் இருக்க வேண்டும் என்பது முத்துக்குளித்த காலத்திலிருந்து வருகிற வழக்கம். அப்போது கயிறு, இப்போது ட்யூப். சொந்த அண்ணன் தம்பிக்குள் பங்குத் தகராறு இருக்கலாம், மச்சானுக்கு அப்படி இல்லை. அவன் கையில் இருப்பது தன் கூடப்பிறந்தவளின் தாலி. மலையேறப் போனாலும் மச்சான் துணை வேண்டும் என்பார்கள். இந்தப் பக்கம் மலை இல்லாததால் அதைக் கடலுக்கு வைத்துக்கொண்டார்கள். ரெக்சனுக்கு ட்யூப் பிடித்தவன் விஜிலாவின் அண்ணன் செல்வின்.

போன வருடம் தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ட்யூப் திடீரென்று கனமில்லாமல் போனது. செல்வின் இழுத்தான். நுனி நாய் கடித்ததுபோலப் பிய்ந்து மேலே வந்தது, ரெக்சன் வரவில்லை. பதினோரு நாள் தேடினார்கள். வலை போட்டார்கள், ஆள் இறக்கினார்கள், மணப்பாடு வரைக்கும் சொல்லி வைத்தார்கள். ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை. செல்வினின் வலது கை அன்றைக்கு ட்யூபைப் பிடித்தபடி மூடியது, பிறகு திறக்கவில்லை. டாக்டர்கள் ஊசி போட்டுப் பார்த்தார்கள், நாட்டு வைத்தியர் எண்ணெய் காய்ச்சி ஊற்றிப் பார்த்தார், விரல்கள் அசையவில்லை. அவன் மனைவி ஈவாஞ்சலின் அவனுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே தட்டில் பிசைந்து ஊட்டினாள். கம்ப்ரசர் பெல்ட் நழுவுகிற சத்தம் கேட்டு ஒருமுறை திரும்பிப் பார்த்தது அவனுக்கு ஞாபகம் இருந்தது. திரும்பிப் பார்த்த அந்த நேரத்தில் கை என்ன செய்தது என்பது ஞாபகம் இல்லை. வருகிறவன் போகிறவன் எல்லோரிடமும் அவன் அதையே கேட்டான். தெரியாது என்பதைத் தவிர யாரால் எதைச் சொல்ல முடியும்?

விஜிலாவின் மாமியார் பிளாரன்ஸ் வேறு வழியில் போனாள். உடல் வரவில்லை என்றால் சாவும் வரவில்லை என்றாள். தினமும் மத்தியானம் மகனுக்குத் தட்டு வைத்தாள். பங்குசாமி மோட்சப் பூசை பற்றிப் பேச வந்தபோது கதவைச் சாத்தினாள். விஜிலா கண்ணைத் துடைத்தால், "உயிரோட இருக்கவனுக்கு அழாதளா," என்று அதட்டுவாள். ஆக விஜிலா எட்டு மாதமாக அழவில்லை. அழுகை அவளுக்குள் தண்ணீர்க் குடம்போல நிறைந்து நின்றது. குனிந்தால் தளும்பும் என்று நிமிர்ந்தே வீடு கூட்டினாள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். அவன் வரவேண்டும், எப்படியாவது. பிணமாக வந்தாலும் சரி, ஒரு குழி வெட்டி, மண் போட்டு, அவன் பேரைச் சொல்லி வாய்விட்டு அழ வேண்டும். அரசாங்கத்தில் ஏழு வருடம் பொறுக்கச் சொன்னார்கள். சிவப்பிரகாஷ் நாவலில் காணாமல் போனவன் தொண்ணூற்றாறாம் பக்கத்துக்குள் கிடைத்துவிடுவான் என்பது அவளுக்குத் தெரியும். செப்டம்பர் மாதம் ஒரு காலை ஆட்டோ பிடித்து டூவிபுரத்துக்குப் போனாள்.

நாவலாசிரியர் கெட்ட மனுஷன் இல்லை. கிளியரிங் ஏஜென்சியில் இருபது வருடம் குப்பை கொட்டியவர், சர்க்கரை வியாதிக்காரர், தன் கதையால் உள்ளே போனவர்களின் வீட்டுக்குத் தீபாவளிக்கு முறுக்கு அனுப்புகிறவர். அவள் சொன்னதை எல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டார். விபத்து என்று எழுத முடியாது என்பதை முதலிலேயே சொன்னார். ஒருமுறை முயன்றதாகவும், கடைசிப் பக்கத்தில் பேனா மை வராமல் நின்றுவிட்டதாகவும், வேறு பேனாக்களும் அப்படியே செய்ததாகவும் சொன்னார். அப்படியானால் யாராவது கடத்தல்காரன், முகம் தெரியாதவன் என்று வைத்துக்கொள்ளலாமே என்றாள் விஜிலா. சிவப்பிரகாஷுக்கு முகம் சுருங்கிப்போனது. கடைசிப் பக்கத்தில் புது ஆளைக் கொண்டுவருவது வாசகனை ஏமாற்றுவது. தன் உடம்பில் உயிர் இருக்கும்வரை அதைச் செய்ய மாட்டேன் என்றார். பிறகு வள்ளத்தில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டார். அங்கேதான் விஜிலா, திரேஸ்புரத்தில் பிறந்த யாரும் யோசிக்காமல் சொல்லக்கூடிய ஒன்றைச் சொன்னாள்.

"எங்க அண்ணன் மட்டுந்தான் சார். அவன விட்டுருங்க. ட்யூப் புடிச்ச மச்சான்மேல எங்க ஊர்ல ஒருத்தரும் சந்தேகப்பட மாட்டாங்க."

சிவப்பிரகாஷ் எழுதுவதை நிறுத்தினார். பிறகு அந்த வரியின் கீழ் இரண்டு கோடு போட்டார். எண்பத்துமூன்று நாவல் படித்தவள், அந்தக் கோட்டின் அர்த்தம் தெரியாமல் காபி குடித்துவிட்டு, கும்பிட்டுவிட்டு வந்தாள். துக்கம் படித்த படிப்பையும் மறக்கடித்துவிடும்.

அக்டோபர் நாவலின் பின்னட்டையில் அடுத்த மாத விளம்பரம் வந்திருந்தது. 'கடலடியில் கடைசி மூச்சு' என்ற தலைப்பின் கீழே, ஒரு ட்யூபைப் பிடித்திருக்கும் ஆணின் வலது கை. விஜிலா அதை நயினார் கடையில் நின்றபடி பார்த்தாள். செல்வின் ஐந்தாம் தேதி காலையில் குளித்து, சட்டை போட்டுக்கொண்டு, திறக்காத கையோடு நிலையத்துக்கு நடப்பதையும், ஈவாஞ்சலின் இரண்டு பிள்ளைகளோடு பின்னாலேயே ஓடுவதையும் அவள் அந்த இடத்திலேயே கண்டாள். அதைவிடக் கொடுமை, அவன் எட்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். ஆமாம், நீதான் விட்டாய் என்று. ஆட்டோவுக்குக் கை காட்டக்கூடத் தோன்றாமல் டூவிபுரம் வரை ஓடினாள்.

நாவல் எழுதி முடிந்திருந்தது, அச்சுக்குப் போகவில்லை. சிவப்பிரகாஷின் மனைவி அருணாசலவடிவு பிழை திருத்திக்கொண்டிருந்தாள். விஜிலா காலில் விழுந்தாள். வேண்டாம் சார், புத்தகமே வேண்டாம், அவர் கடலிலேயே கிடக்கட்டும் என்றாள். விளம்பரம் வந்த நாவலை நிறுத்த முடியாது என்று அவர் கண் கலங்கச் சொன்னார். பொய் இல்லை, ஒருமுறை நிறுத்திப் பார்த்திருக்கிறார்; எழுதாத கடைசி அத்தியாயம் தானாகவே அச்சாகி வந்தது, அதில் குற்றவாளி இன்னும் மோசமான தேர்வு. மாற்றலாம், ஆனால் இதைவிடப் பெரிய திருப்பம் இருந்தால்தான் பேனா ஓடும் என்றார். கம்ப்ரசர் மெக்கானிக்கைச் சொன்னாள். அவனைப் பதினைந்தாம் பக்கத்திலேயே எல்லோரும் சந்தேகப்படுவார்கள் என்றார். சங்கு வியாபாரியைச் சொன்னாள், வட்டிக்காரனைச் சொன்னாள், கடைசியில் புத்தி தடுமாறிச் சுறாவைக்கூடச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் அவர் பாவமாகத் தலையை ஆட்டினார்.

"என்னயப் போடுங்க சார்," என்றாள் விஜிலா. "செஞ்சவனக் கண்டுபிடிங்கன்னு நாந்தான ஒங்ககிட்ட வந்தேன். என்னய யாரு சந்தேகப்படுவா?"

அருணாசலவடிவு பேனாவைக் கீழே வைத்தாள். சிவப்பிரகாஷின் முகத்தில் முதலில் இரக்கம் வந்தது; அதன் பின்னாலேயே, அவரால் அடக்க முடியாமல், ஒரு சந்தோஷம் வந்தது. எண்பத்தேழு நாவல்களில், துப்புக் கேட்டு வந்தவளே குற்றவாளி என்று அவர் எழுதியதில்லை. அந்த ட்யூப் முந்தின நாள் எந்த வீட்டில் சுருட்டி வைத்திருந்தது என்று கேட்டார். எங்கள் வீட்டில்தான் என்றாள். பிளேடு இருந்ததா என்றார். புருஷன் சவரம் செய்கிற பிளேடு இருந்தது என்றாள். நோட்டைத் திறந்தார், பேனா ஓடியது. பதிலுக்கு விஜிலா மூன்று கேட்டாள். ஆள் முகம் தெரிகிற மாதிரி வரவேண்டும். அடக்கம் முடிகிறவரை போலீஸ் தன்னைத் தொடக்கூடாது. பிறகு, ரெக்சனைப் பற்றி ஒரு பக்கமாவது எழுத வேண்டும்: பல்லிக்குப் பயப்படுவான், பத்துப் பாகம் இறங்குகிறவன் பல்லியைக் கண்டால் கட்டில்மேல் ஏறிவிடுவான், கணவாய்க் குழம்பில் புளி கூடிவிட்டால் சொல்லாமல் தின்றுவிட்டு மறுநாள் சொல்லுவான், தூக்கத்தில் விசில் அடிப்பான். மூன்றையும் செய்கிறேன் என்று நாவலாசிரியர் சத்தியம் செய்து கொடுத்தார்.

மிச்சமிருந்த நாட்களில் விஜிலா மாமியாருக்கு கேஸ் சிலிண்டர் மாற்றப் பழக்கினாள், மாத்திரைகளை வேளை வாரியாகப் பிரித்து வைத்தாள், தன் நாலு சேலையை ஈவாஞ்சலினுக்குக் கொடுத்தாள். பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், புருஷனைக் கொன்றுவிட்டதாகச் சொன்னாள். எப்போது என்று கேட்ட பங்குசாமியிடம், வருகிற ஐந்தாம் தேதி, போன தை மாதம் செய்திருப்பேன் என்றாள். சாமியும் நாவல் படிக்கிறவர்தான். இன்னும் செய்யாத பாவத்துக்கு மன்னிப்புக் கொடுக்கத் தன் கையில் அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டு, கூண்டுக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் அழுதார். அண்ணனிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அவனே அச்சாபீசுக்குப் போய்த் தன் பேரைப் போடச் சொல்லுவான் என்று அவளுக்குத் தெரியும்.

நவம்பர் ஐந்தாம் தேதி நயினார் கடையில் கட்டைப் பிரித்த அதே நேரத்தில், ரெக்சன் திரேஸ்புரம் கரையில் ஒதுங்கினான். ஒன்பது மாதத்துக்கு மேல் கடலில் கிடந்தவன் முந்தின நாள் முடி வெட்டிக்கொண்டவன்போல இருந்தான். வீட்டில் ஆணியில் தொங்கிய ட்யூபின் பிய்ந்த நுனி, பிளேடால் அறுத்த நேரான வெட்டாக மாறியிருந்தது. சிவப்பிரகாஷ் நாவல்களில் பிரேதப் பரிசோதனை அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். அன்றைக்கும் அப்படியே முடிந்தது. பிளாரன்ஸ் மகனின் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, அடுக்களையில் வைத்திருந்த தட்டை எடுத்துக் கழுவிக் கவிழ்த்தாள். விஜிலாவுக்குக் கோயில் மணி அடிக்கும்போது ஞாபகம் வந்தது. பிளேடு விரலில் எப்படி வழுக்கியது, ட்யூபில் எவ்வளவு ஆழம் போனதும் நிறுத்தினாள், எல்லாம் வந்தது. தினேஷ் என்ற ஒருவனுக்காகச் செய்ததும் ஞாபகம் வந்தது. நாவலாசிரியர் தினேஷை வர்ணிக்கவில்லை என்பதால் அந்த ஞாபகத்தில் அவனுக்கு முகம் இல்லை. ஒரு சட்டையும் வாசனையும் மட்டும் இருந்தன. தான் கேட்டுத்தான் இது நடந்தது என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. ஒரு வீட்டில் இரண்டு குடித்தனம்போல இரண்டும் அவளுக்குள் இருந்தன.

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கினார்கள். செல்வின் குனிந்தான், வலது கையால் ஒரு பிடி மண்ணை அள்ளினான், போட்டான், அள்ளும்போதுதான் கை திறந்ததையே கவனித்தான். பிறகு விஜிலாவின் முறை வந்தது. ஒன்பது மாதமாகச் சேர்த்து வைத்ததை எல்லாம் இனி இறக்கி வைக்கலாம் என்று அவள் குழியின் விளிம்பில் உட்கார்ந்து, அவன் பேரைச் சொல்லி வாயைத் திறந்தாள். கதறி அழுதாள். ஒரு வரி நேரம்தான். அதோடு அழுகை நின்றுவிட்டது. நெஞ்சில் அடித்துப் பார்த்தாள், மண்ணை வாரித் தலையில் போட்டுப் பார்த்தாள், வரவில்லை. உள்ளே குடம் நிறைந்தபடியே நின்றது. நாவலாசிரியர் அதற்குமேல் எழுதியிருக்கவில்லை. ரெக்சனைப் பற்றி அவர் எழுதிய ஒரு பக்கத்தையும் புத்தகத்தில் காணோம். எழுதத்தான் செய்தார், தொண்ணூற்றாறு பக்கத்துக்குள் அடங்க வேண்டும் என்று அச்சாபீசில் எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் மூலநோய் லேகியத்தின் விளம்பரம் வந்திருந்தது. ரெக்சன் கட்டான உடல்வாகு கொண்ட இளைஞன் என்று ஒரு வரி மிச்சம் இருந்தது. விஜிலா எழுந்து, சேலையைத் தட்டிவிட்டு, வாசலில் காத்திருந்த ஜீப்பை நோக்கி நடந்தாள்.

கடலடியில் கடைசி மூச்சு மூன்று பதிப்புப் போனது. அவருடைய நாவல்களிலேயே சிறந்தது அதுதான் என்று இப்போதும் சொல்லுகிறார்கள். சிவப்பிரகாஷ் பிளாரன்ஸ் வீட்டுக்கும் முறுக்கு அனுப்பினார்; பிளாரன்ஸ் அதைக் காக்காய்க்குப் போட்டாள்.

செல்வின் ஏழு மாதம் கழித்துத்தான் சிறைக்கு வந்தான். உடம்பு தேறியிருந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, என்னத்துக்காக இப்படிச் செய்தாய், அவன் உனக்கு என்ன குறை வைத்தான் என்று கேட்டான். அவன் குரலில் இருந்த வெறுப்பு நிஜமானது. விஜிலா அவன் கம்பியைப் பிடித்திருந்த கையை, விரிந்தும் மடங்கியும் அசைகிற விரல்களை, பார்த்துக்கொண்டிருந்தாள். நேரம் முடிகிறது என்று மணி அடித்த பிறகும் அவன் போகவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"ஏளா, ஒண்ணு மட்டும் சொல்லு. நான் விடலல்லா?"

விஜிலாவிடம் இரண்டு பதில் இருந்தது. ஒன்று, எனக்கும் தெரியாது அண்ணே என்பது. அதுதான் பழையது, நாளாக நாளாகத் தேய்ந்துகொண்டு வந்தாலும் இன்னும் இருந்தது.

"நீ விடலண்ணே. நாந்தான் அறுத்தேன்," என்றாள்.

அவன் முகத்தில் எதுவோ தளர்ந்தது. தலையை ஆட்டினான். முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். அவளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போன காவலர் பேச்சிச்செல்வி, வராந்தாவில் நடந்தபடியே பேச்சுக் கொடுத்தாள்.

"கதைல வார அண்ணன் இவருதானா? தொண்ணூறாம் பக்கம் வரைக்கும் நான் இவரத்தான் நெனச்சேன்."

"நானும் அப்படித்தான்க்கா பயந்தேன்," என்றாள் விஜிலா.